ஆலய உடையும் ஆறு பருவமும்

(நமது சங்கத்து மாதர் பகுதிக் கூட்டத்தில் சகோதரியார் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை இம்மன்றத்தின் முடிவுக்கு வரவிருக்கும் தீர்மானம் யாதென்பதைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். சங்கத்தின் சார்பில் இராமேசுவர யாத்திரை செல்வோரும், சித்திரைத் திருவிழாவில் நமது மண்டகப்படியில் தொண்டு செய்வோரும், பெண்டிராயின் பட்டுச்சேலையும் முழங்கை மறையும் ரவிக்கையும், ஆடவராயின் வேட்டியும் மேல்துண்டும் அன்றி வேறொன்றும் அணியலாகாது. ஆண்டு முழுவதும் இவ்விதியே நிற்றல் வேண்டும் என்பது அதன் சாரம். இதனைக் கொண்டுவந்த பெரியோர்களின் உள்ளக்கருத்தை யான் போற்றுகின்றேன். தெய்வ சந்நிதியில் நிற்பவர் பிறர் கண்ணைத் தம்பால் இழுக்கும் கோலத்தோடு நிற்றல் தகாது என்பதில் எனக்குச் சிறிதும் மாறுபாடு இல்லை. ஆயினும், 'ஆண்டு முழுவதும்' என்னும் இரண்டு சொற்களிடத்தும், 'பட்டு' என்னும் ஒரு சொல்லிடத்தும் எனக்கு வழக்கு உண்டு. அவ்வழக்கைத் தங்கள் திருமுன் வைக்கவே எழுந்தேன்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவமாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். உழவனும் நெசவாளனும் வைத்தியனும் இவ்வகுப்பை அறிந்து தொழில் செய்தனர் என்பது யாவரும் அறிந்ததே. அவர்களை விடுங்கள், திருக்கோயிலே இதனை அறிந்து ஒழுகுகின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்நிதியில் கைசிக ஏகாதசியன்று நடப்பதைக் கண்டிருப்பீர்கள். குளிர் தொடங்கும் கார்த்திகையில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றுகின்றனர். எம்பெருமாட்டிக்குக் குளிரும் என்று எண்ணிய அன்பு அது. அதே அன்பு கோடையிலே வேறு உருக்கொள்கின்றது. அக்கினி நட்சத்திர நாள்களில் சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தொங்குகின்றது. துளித்துளியாக நீர் இறங்கித் திருமேனியைக் குளிர்விக்கின்றது. திருவரங்கத்திலோ கோடைத் திருநாளில் பூச்சாற்று நடைபெறுகின்றது. சித்திரையில் வைகைக்கு எழுந்தருளும் அழகர் எத்தனை முறை கோலம் மாறுகின்றார்! ஆற்றில் இறங்குகையில் உடுத்திய பட்டின் நிறம் யாது என்று நாடே பார்த்து நிற்கின்றது. தெய்வத்திற்கே பருவத்திற்கேற்ற உடை உண்டென்றால், அத்தெய்வத்தை வணங்கச் செல்லும் பெண்ணொருத்திக்கு மட்டும் சித்திரைக்கும் மார்கழிக்கும் ஒரே பட்டு என்று விதித்தல் எங்ஙனம் பொருந்தும்?

முதலில் வெயிற்காலத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைத் திருவிழா பகலிலும் இரவிலும் நடப்பது. நமது மண்டகப்படியில் நீர்மோரும் பானகமும் வழங்குவோர் காலை முதல் மாலை வரை பந்தலின் கீழே நிற்பவர். சரிகை மிகுந்த காஞ்சிப்பட்டு கனமானது. காற்றை எளிதில் உட்புக விடாது. வேர்வை பட்டால் கறை நீங்காது. அதனை உடுத்தியவள் மோர் வார்ப்பாளா, சேலையைக் காப்பாளா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டு வாங்க இயலாத சகோதரிகள் நம்மிடையே பலர் உளர். விதி பட்டு என்று நின்றால் அவர்கள் செய்வது யாது? பட்டைப்போலப் பளபளக்கும் பாலியஸ்டர்ச் சேலையை வாங்குவர். அந்நூல் வேர்வையை உறிஞ்சாது. உடம்போடு ஒட்டி, எதனை மறைக்க வேண்டுமென்று விதி செய்தோமோ அதனையே வரைந்து காட்டும். அன்றியும் அது நெருப்பருகே ஆகாதது. பருத்தி எரிந்தால் சாம்பலாகும். பாலியஸ்டரோ உருகித் தோலிலே ஒட்டிக்கொள்ளும். அக்கினிச்சட்டி ஏந்துவோரும், பூக்குழி இறங்குவோரும், மாவிளக்கு வைப்போரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். மாரியம்மன் கோயில்களுக்கு மஞ்சள் தோய்த்த பருத்திச் சேலையே நெடுங்காலமாக வழங்கி வந்தமைக்கு, சாத்திரக் காரணம் எதுவாயினும், வெயிலும் நெருப்பும் கூடும் பங்குனி, சித்திரைக்கு அதனினும் தக்க உடை வேறில்லை என்பது என் துணிபு.

நம் மதுரையிலேயே சுங்குடி உண்டு. செட்டிநாட்டில் கண்டாங்கி உண்டு. இரண்டும் பருத்தி. கண்டாங்கி சற்றே கெட்டியான நெசவாதலால் ஒளி ஊடுருவாது. சுங்குடி மெல்லியதாயினும் அடர்ந்த நிறமும் உள்பாவாடையும் அக்குறையைத் தீர்க்கும். அடக்கம் என்பது துணியின் விலையில் இல்லை. நெசவின் அடர்த்தியிலும், உடுத்தும் தளர்விலும், நிறத்திலும் உள்ளது. முழங்கை மறைய வேண்டுமாயின் மறையட்டும். அந்த ரவிக்கை பருத்தியாகவும், அக்குளில் இறுக்கமின்றியும் இருக்கட்டும். இதனைத் தையற்காரரிடம் சொல்லவும் நம்மவர் வெட்கப்படுகின்றனர்! நிற்க.

விதி செய்வோர் யார், விதி யாரைத் தாக்கும் என்பதையும் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டிலே உடையடக்கத்தின் வரலாறு நேர்வழியில் வந்ததன்று. தென்கோடியில் திருவிதாங்கூர் இராச்சியத்தில், நாடார் குலத்து மாதர் முதலாக எத்தனையோ குலத்து மாதர் மார்பை மூடுதல் குற்றமென்று கருதப்பட்ட காலம் இருந்தது. அங்கே மேலோர் முன்னிலையில் மார்பைத் திறந்து நிற்றலே மரியாதை எனப்பட்டது. மூடினவளே அடக்கமற்றவள் என்று தூற்றப்பட்டாள். சந்தையிலும் வீதியிலும் அவள் மேலாடை கிழிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டு அரசாங்க விளம்பரம் கிறிஸ்தவ நாடார் மாதர் குப்பாயம் அணியலாம் என்று இசைந்து, மேற்குலத்தார்போல் மேலாடை அணிதலை மறுத்தது. 1858, 1859 ஆண்டுகளில் கலகம் மூண்டது, வீடுகள் எரிந்தன. சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பின்னர், உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்ம மகாராஜா 1859 ஜூலை 26ஆம் தேதி வெளியிட்ட விளம்பரத்தில், நாடார் மாதர் எவராயினும் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார். அப்போதும் மேற்குலத்து மாதர் அணியும் முறையிலே அணியலாகாது என்ற தடை ஒட்டிக்கொண்டேயிருந்தது. மூடுவதற்கு உரிமை கிடைத்தது. எம்முறையில் மூடுவது என்பதற்கு வேறொருவர் கண் அளவுகோலாக இருந்தது.

இவ்வரலாற்றை ஏன் இங்கே எடுத்தேன் என்பீர்கள். அக்காலத்துத் துணியின் தரம் குலத்தைக் காட்டும் அடையாளமாயிற்று. இன்று நாம் பட்டு என்று எழுதினால், அது செல்வத்தைக் காட்டும் அடையாளமாகும். சங்கத்தின் பந்தலில், 'இவள் பட்டு உடுத்தவில்லை, பின்னே நிற்கட்டும்' என்ற சொல் ஒருநாள் எழாது என்று யார் உறுதி கூறுவர்? 2015ஆம் ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி ஆலய உடை பற்றி உத்தரவிட்டபோதும், பட்டு என்று அவர் சொன்னாரில்லை. ஆடவர்க்கு வேட்டியோ பைஜாமாவோ மேலாடையுடன், அல்லது ஒழுங்கான காற்சட்டையும் சட்டையும். மாதர்க்குச் சேலையோ, தாவணியோ, மேல்துண்டுடன் கூடிய சுடிதாரோ போதும் என்றே சொன்னார். 2016 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த அவ்வுத்தரவும், அம்மாதமே மேல் அமர்வினால் நிறுத்தி வைக்கப்பட்டது. குருவாயூர்ச் சந்நிதியே 2007ஆம் ஆண்டில் சுடிதார் அணிந்த மாதரை உள்ளே அனுமதித்துவிட்டது. சேலை கட்டத் தெரியாத நம் வீட்டுச் சிறுமிகள் அவ்வுடையில் நம்மோடு வருதலை நாம் தடுக்க வேண்டுவதில்லை. இதில் நீண்ட வாதத்திற்கு இடமுண்டென்று யான் எண்ணவில்லை.

ஆடவரைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்செந்தூரிலே சட்டையைக் களைந்தே உள்ளே செல்கின்றனர். கேரள நாட்டுக் கோயில்கள் பலவற்றிலும் அவ்வாறே. பெண்ணுக்கு மூடுதல் பணிவு, ஆணுக்குத் திறத்தல் பணிவு! இவ்வழக்கை நீக்கலாம் என்று 2024ஆம் ஆண்டின் இறுதி நாளில் வர்க்கலைச் சிவகிரி மடத்துத் தலைவர் சச்சிதானந்த சுவாமிகள் மேடையிலே கூறினார். அதன்மேல் கேரளத்தில் பெரும் வாதம் எழுந்தது. அது நம் வழக்கன்று. ஆயினும், மார்கழிப் பனியில் திறந்த மார்போடு வரிசையில் நிற்கும் முதியவர் ஒருவர் தம் துண்டை விரித்துப் போர்த்திக்கொண்டால், நம் தொண்டர்கள் அவரை அதட்டாதிருக்க வேண்டும். பனிக்காலத்திற்கு வேறு சொல்ல ஒன்றுமில்லை. போர்வை எவ்வுடையையும் அடக்கமாக்கிவிடும்.

இனி, என் மனத்தில் நெடுநாள் உறுத்தி நிற்கும் விஷயத்துக்கு வருகின்றேன். உடையடக்கம் குலைவது வெயிலிலும் அன்று, பனியிலும் அன்று, ஈரத்திலே. இராமேசுவர யாத்திரையை நினையுங்கள். முதலில் அக்கினி தீர்த்தமென்னும் கடலில் முழுக்கு. பின்னர்க் கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்களில், கிணறு கிணறாக நின்று, வாளியால் மொண்டு தலையில் ஊற்றும் நீரில் நனைதல். நனைந்த துணியோடு ஒரு கிணற்றிலிருந்து மறு கிணற்றுக்கு ஆயிரம் பேர் நடுவே நடக்க வேண்டும். ஆடியிலே கடற்காற்று வீசி அடிக்கும். ஈரச்சேலை உடம்போடு பின்னும். தையிலே உடல் நடுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் செல்வோருக்கு மழை வேறு. காலையில் பிழிந்து உலர்த்திய துணி மாலைவரை காயாது. மாற்றுச் சேலையும் பையிலேயே நனைந்து போகும். 22 தீர்த்தமும் ஆடிய பின் ஈர உடையோடு மூலவர் சந்நிதிக்குச் செல்லலாகாது. உடை மாற்றியே செல்ல வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. நல்ல ஒழுங்கே. ஆனால் எங்கே மாற்றுவது?

இவ்வினாவுக்கு விடை காணாது நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தாமே வழி கண்டனர். நால்வர் சுற்றி நின்று சேலையை விரித்துப் பிடிப்பர். நடுவே ஒருத்தி மாற்றுவாள். தூணின் மறைவு, சுவரின் மறைவு, இருளின் மறைவு என்று பொழுது கழிந்தது. இப்போது கையளவு பெட்டியிலே காமிரா வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கினி தீர்த்தக் கரையருகே, தனியார் நடத்திய உடைமாற்றும் அறையொன்றில் மறைத்து வைத்த காமிரா கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பொருட்டு இருவர் கைதாயினர். அச்செய்தியைப் படித்த நாள் முதல், யாத்திரைக்குப் புறப்படும் எந்தப் பெண்ணிடமும் ரவிக்கையின் நீளத்தைப் பற்றிப் பேச எனக்கு நாவெழவில்லை. அடக்கத்தை அவளிடம் கேட்கும் நாம், அவள் அடக்கமாக உடை மாற்றத் தாழ்ப்பாளுள்ள கதவு ஒன்று தந்தோமா?

நம் சங்கத்துச் சத்திரம் அங்கே உண்டு. முன்னோர் கட்டியது, பெருமைக்குரியது. அதன் பின்கட்டில் பெண்டிர்க்கென்று ஓர் அறை இருக்கின்றது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; மேற்சாளரத்திற்கு மறைப்பு இல்லை; கூரை ஒழுகுவதால் கூதிர்காலத்தில் கொடி கட்டி உலர்த்தவும் இயலாது. இவற்றைச் சீர்செய்யும் செலவு, நூறு பட்டுச்சேலைகளின் விலையில் ஒரு பங்கும் ஆகாது.

ஆகவே, தீர்மானத்திற்குத் திருத்தமொன்றை முன்மொழிகின்றேன். 'பட்டுச்சேலை' என்றிருக்குமிடத்தில் 'தோளும் மார்பும் முழங்காலும் மறையும் தளர்ந்த உடை, கூடுமானவரை பருத்தி' என்றும், 'ஆண்டு முழுவதும்' என்றிருக்குமிடத்தில் 'பருவத்திற்கேற்ப' என்றும் திருத்துக. அதனொடு இவ்வாசகத்தையும் சேர்க்க: 'வரும் ஆடி அமாவாசைக்கு முன்னர் இராமேசுவரச் சத்திரத்துப் பெண்டிர் அறைக்குக் கூரையும், உள்தாழ்ப்பாளும், சாளர மறைப்பும் அமைக்கப்படும், யாத்திரை நாள்களில் சங்கத்து மாதர் இருவர் முறைவைத்து அவ்வறையைச் சோதித்து வாயிலில் நிற்பர், மாற்றுடை இல்லாது நனைந்து வருவோருக்குக் கொடுக்க 50 பருத்திச் சேலைகள் சத்திரத்தில் வைக்கப்படும்.' முதற் பத்துச் சேலைகளை என் குடும்பத்தின் சார்பில் கொடுக்கின்றேன்.

காரியதரிசி அவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன். இத்திருத்தத்தை வழிமொழிய விரும்பும் சகோதரி எழுந்து நிற்பாராக.