மாட்டுக்கு மானியம், மேய்ச்சலுக்குப் பூட்டா?

(மலை மாடு வளர்ப்போர் கூட்டத்தில் பேசியது)

  

பர்கூர் மாட்டை நாம் கட்டுத்தறியில் கட்டி, தவிடு புண்ணாக்கு போட்டு வளர்க்கவில்லை. காட்டில் பட்டி போட்டு, மேய்த்து வளர்த்தோம். பால் கொஞ்சந்தான். ஆனால் கல்லும் முள்ளுமான சரிவில் ஏறி இறங்கும் கால் அதுக்கு உண்டு. அந்தக் காலைக் கொடுத்தது காடு.

இந்த இனம் காக்கப்பட வேண்டும் என்று அரசும் சொல்கிறது. பர்கூர் மலையிலேயே மாட்டின ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். நாட்டு மாட்டினங்களுக்காக மத்திய அரசு 2014-ல் ராஷ்ட்ரிய கோகுல் திட்டம் கொண்டுவந்தது. கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு என்கிறார்கள். வேண்டாம்னு நாம சொல்லல. கடன் வாங்கி மாடு பிடிக்கலாம், சரி. பிடிச்ச மாட்டை எங்கே ஓட்டுவது?

2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலே கூடாது என்றது. அதே மாதம் உத்தரவைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்றது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். 2024 ஜனவரியில் நம்ம மலையையும் சேர்த்து சுமார் 80 ஆயிரம் ஹெக்டேரை தந்தை பெரியார் வன உயிரின சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஒரு கை மாட்டைத் தடவிக் கொடுக்குது, இன்னொரு கை அதன் வாயைக் கட்டுது!

புலியும் யானையும் வாழக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. இத்தனை தலைமுறை அதுகளோடதான் வாழ்ந்தோம்.

நமக்கும் சட்டம் இருக்குங்க. 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ) மேய்ச்சலைச் சமூக உரிமை என்கிறது. சரணாலயமும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பழங்குடி மக்களுக்கு மட்டுமல்ல, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்த மற்றவர்களுக்கும் உரிமை உண்டு. உரிமையை விசாரித்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்ற முடியாது என்கிறது பிரிவு 4(5).

ஆனால் உரிமை தானாக வீடு தேடி வராது. கிராமசபை கூட்டுங்கள். பாதிப் பேராவது வரணும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். சமூக உரிமைக்கான மனுவைக் கொடுங்கள். பழைய மேய்ச்சல் ரசீது இருந்தால் இணையுங்கள். பட்டி போட்ட இடம், தண்ணீர் காட்டிய பள்ளம் எல்லாம் எழுதுங்கள். பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி வைத்தாலும் அது சாட்சிதான். மனு கொடுத்ததுக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நமது கோரிக்கைகள்:

1. மேய்ச்சல் உரிமை மனுக்களை உடனே விசாரித்து முடி!
2. அதுவரை பட்டிகளைத் தடுக்காதே!
3. மாட்டினப் பாதுகாப்பு நிதியில் மேய்ச்சல் நிலத்துக்கும் பட்டிக்காரருக்கும் பங்கு கொடு!

மேய்ச்சல் இல்லாமல் மாடு இல்லை! ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!