தமனி திறந்த பின்னும்: மாநாட்டுத் தலைமை உரை

மாரடைப்புச் சிகிச்சைக்குப் பிறகும் இதயத்தின் நுண்குழாய்களில் இரத்தம் பாயாமல் போவதே ஆந்திர எல்லையோரத் திருத்தணியில் கூடியிருக்கும் இம்மாநாட்டின் பொருள். இதைப் பெருநகர ஆஞ்சியோ அறைகளின் சிக்கலாகவே பலரும் கருதுகிறார்கள். இதைத் தடுக்கும் வேலை திருத்தணி போன்ற ஊர்களின் முதல் மருத்துவமனையிலேயே தொடங்குகிறது என்பது என் வாதம்.

அடைபட்ட தமனியைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்ததும் படத்தில் குழாய் அகலமாகத் தெரிகிறது. ஆனால் சிலருக்குச் செலுத்திய சாயம் நகராமல் தேங்கி நிற்கிறது, இ.சி.ஜி.யில் உயர்ந்த எஸ்.டி. பகுதி இறங்க மறுக்கிறது. மதகைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத நிலை இது. இரத்தக்கட்டிலிருந்து சிதறும் துகள்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன, அவற்றின் உட்சுவர் வீங்குகிறது, வெள்ளணுக்கள் குவிகின்றன, தசைக்குள் இரத்தம் கசிவதும் உண்டு. 1974-இல் குளோனர், கனோட், ஜென்னிங்ஸ் ஆகிய மூவரும் நாய்களிடம் செய்த ஆய்வு இதில் காலத்தின் பங்கைக் காட்டியது. 40 நிமிடத்தில் அடைப்பை நீக்கியபோது தசைக்கு இரத்தம் திரும்பியது. 90 நிமிடம் கழித்து நீக்கியபோதோ, பெருங்குழாய் திறந்திருந்தும் உட்புறத் தசையின் சில பகுதிகளுக்கு இரத்தம் திரும்பவே இல்லை.

தாமதத்தைப் பிறகு மருந்தாலோ கருவியாலோ ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். சோதனைகள் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. இரத்தக்கட்டை உறிஞ்சி எடுப்பதை எல்லோருக்கும் வழக்கமாக்கினால் இறப்பு குறைவதில்லை என்று 2013-இல் டேஸ்ட் ஆய்வும் 2015-இல் டோட்டல் ஆய்வும் காட்டின. தமனிக்குள் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தைக் குறைந்த அளவில் செலுத்திப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் டி-டைம் ஆய்வும் நுண்குழாய் அடைப்பைக் குறைக்கவில்லை. ஆகவே இன்று நம் கையில் உள்ள நம்பகமான தற்காப்பு, விரைவு ஒன்றே.

ஆஞ்சியோ அறை இல்லாத ஊர் என்ன செய்ய முடியும் என்பது அடுத்த கேள்வி. இங்கிருந்து சென்னைக்கும் திருப்பதிக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். வண்டிக்காகவும் அங்கே அறைக்காகவும் காத்திருக்கும் நேரம் தனி. நோய் உறுதியாகி 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்க வழியில்லை என்றால், மருத்துவத் தடை ஏதும் இல்லாத நோயாளிக்கு இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை உள்ளூரிலேயே போட்டு அனுப்புவதே முறை. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்த தமிழ்நாட்டு ஆய்வு, 2,420 நோயாளிகளைக் கொண்டு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அது நுண்குழாய்களுக்காக நடந்த ஆய்வன்று. மருத்துவமனைக்குள் நேர்ந்த இறப்பும் மாறவில்லை. ஆயினும் சிறிய ஊரைச் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு உயிர்காக்கும் என்பதற்கு அது நம் மண்ணின் சான்று.

தீர்க்க மருந்தில்லாத நுண்குழாய் அடைப்பை அளப்பானேன் என்போரும் உண்டு. ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்துக்குள் எடுக்கும் இரண்டாம் இ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்வு பாதியளவுகூட இறங்காவிட்டால், நோயாளியை உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்ப வேண்டும். ஸ்டென்ட் வைத்த பின்னும் அது இறங்காதவருக்கு இதயச் செயலிழப்பு அபாயம் அதிகம். அவரை நெருங்கிக் கண்காணிக்க வேண்டும். இரண்டு முடிவுகளுக்கும் ஓர் இ.சி.ஜி. தாள் போதும்.

எனவே அவையோரை வேண்டிக்கொள்கிறேன்: வலி தொடங்கிய நேரத்தையும் இரண்டாம் இ.சி.ஜி.யையும் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பிலும் கட்டாயமாக்குங்கள். எல்லையின் இருபுறத்து மருத்துவமனைகளும் அந்தக் குறிப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை இம்மாநாடு தீர்மானமாக நிறைவேற்றட்டும்.