கப்பல் நேரமும் கரை நேரமும்

(கடல் ஞாயிறு: வானொலி மறையுரை)



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை கடல் ஞாயிறாகச் சிறப்பிக்கிறது. 1920-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய கடல்சார் மேய்ப்புப்பணி, இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’, அதாவது கடலின் விண்மீன் என்னும் பெயரில், உலகின் பல துறைமுகங்களில் கப்பல் பணியாளரைச் சந்தித்து ஆறுதல் அளித்து வருகிறது. நம் கடற்கரைப் பங்குகளிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் கப்பல் வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். சரக்குக் கப்பலில் சிலர், சுற்றுலாக் கப்பலில் சிலர். அவர்களை நினைத்துச் செபிக்கும் இந்நாளில், சுற்றுலாக் கப்பல்களில் பயணிகளுக்குச் சொல்லப்படும் ஓர் எளிய அறிவுரையை நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். ‘கப்பல் நேரத்தைக் கவனத்தில் வையுங்கள்’ என்பதே அந்த அறிவுரை.

கப்பலுக்கென்று தனி நேரம் உண்டா என்று நாம் கேட்கலாம். உண்டு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி நேரம் வேறுபடுகிறது. கிழக்கே போகும் கப்பலில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்க வேண்டும். மேற்கே போனால் பின்னே தள்ள வேண்டும். எந்த இரவில் மாற்றுவது என்பதைக் கப்பல் தலைவர் முடிவு செய்கிறார். ஆனால் ஒருநாள் மட்டும் நிற்கும் துறைமுகத்துக்காகச் சில கப்பல்கள் தம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அப்போதுதான் கப்பலில் ஒரு நேரமும் கரையில் வேறு நேரமும் இருக்கும்.

நம் நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு நாடுகளுக்கும் ஒரே நேரம். சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறவர்களுக்கு உண்டு. தாய்லாந்தின் கடிகாரம் சிங்கப்பூர்க் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்குப் புறப்பாடு, 4.30 மணிக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும். ஒருவர் கரையில் இறங்கிக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கிறார். அவருடைய கைப்பேசி, கரையிலுள்ள கோபுரத்தின் சமிக்ஞையைப் பிடித்து, அவர் கேட்காமலே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடுகிறது. கைப்பேசியில் மணி 3.30. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அவர் நிதானமாகப் பேரம் பேசுகிறார். அந்நேரம் கப்பலில் மணி 4.30. அவர் கைப்பேசியைப் பார்த்து 4.15-க்கே துறைக்கு வந்துவிடுகிறார். முன்னதாகவே வந்துவிட்டோம் என்ற திருப்தியோடு நிமிர்ந்து பார்த்தால் கப்பல் இல்லை. கப்பல் கணக்கில் அப்போது மணி 5.15.

கப்பல் அவருக்காகக் காத்திருந்தால் என்ன என்று தோன்றும். கப்பலை வெளியே கொண்டுசெல்லும் பைலட் வந்திருப்பார். இழுவைப் படகுகள் ஆயத்தமாக இருக்கும். அந்தத் துறையில் அடுத்த கப்பலுக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே இருக்கிறார்கள். ஆகவே விடப்பட்டவர் தம் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்த்தான் சேர வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இதில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கைப்பேசி பொய் சொல்லவில்லை. கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கும் அதுவே சரியான நேரம். அந்தப் பயணி ஏமாந்தது பொய்க் கடிகாரத்தால் அல்ல. சரியான, ஆனால் தம் பயணத்துக்கு உரியதல்லாத ஒரு கடிகாரத்தால்.

நம் குடும்பங்களில் நடப்பதும் இதுதான். இந்த வயதுக்குள் வேலை, இந்த வயதுக்குள் திருமணம், திருமணமான மறு ஆண்டே குழந்தை, அதற்கடுத்து மாடி வீடு என்று ஊருக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது சரியாகவே ஓடியிருக்கலாம். அதைப் பார்த்து நம் பிள்ளையின் மணியைக் கணக்கிடும்போதுதான் வீட்டில் நிம்மதி போய்விடுகிறது. திருமணம் தள்ளிப்போகும் மகளிடம் விருந்துக்கு வந்த உறவினர் கேட்கும் கேள்வி, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரிடம் கோயில் வாசலில் கேட்கப்படும் கேள்வி, இவையெல்லாம் கரை நேரத்தைக் காட்டும் கேள்விகள். கேட்பவருக்குத் தீய எண்ணம் இல்லாதிருக்கலாம். கேட்கப்பட்டவரோ அன்றிரவு உறங்குவதில்லை.

இயேசுவும் இத்தகைய நெருக்குதலைச் சந்தித்தார். யோவான் நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், கூடாரப் பெருவிழா நெருங்கியபோது, அவருடைய சகோதரர்கள் அவரை யூதேயாவுக்குப் போய்த் தம்மை உலகுக்கு வெளிப்படுத்தும்படி தூண்டுகிறார்கள். ஆண்டவரோ, அவர்களுக்கு எந்நேரமும் ஏற்ற நேரம்தான், தமக்குரிய நேரம் இன்னும் வரவில்லை என்று அமைதியாக மறுக்கிறார். பெத்தானியாவில் இலாசர் நோயுற்ற செய்தி கேட்டும் மேலும் இரண்டு நாள் தங்கிவிடுகிறார். அவர் வந்து சேர்ந்தபோது இலாசரைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தாவின் கணக்குப்படி ஆண்டவர் பிந்தி வந்தார். அந்த வருத்தத்தை அவள் மறைக்கவும் இல்லை. ஆயினும் அவள் வீட்டுக்குள் அமர்ந்துவிடாமல் எழுந்துபோய் அவரை எதிர்கொண்டாள். இறைவன் தாமதிக்கிறார் என்று தோன்றும்போது நாமும் அவரிடமே போய் நம் வருத்தத்தைச் சொல்லலாம். அது நம்பிக்கையின்மை ஆகாது.

கப்பல் நேரம் என்றதும் பொறுமையாக இருப்பது மட்டும்தான் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. கைப்பேசியில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே கப்பல் ஏணியை எடுத்துவிடுவதும் உண்டு. மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். கதவு அடைக்கப்பட்ட நேரத்தில் அந்த ஐவர் எங்கே இருந்தார்கள்? எண்ணெய் வாங்கப் போயிருந்தார்கள். அவர்கள் செய்தது தவறான வேலை அல்ல. முன்னரே முடித்திருக்க வேண்டிய வேலை.

பங்குப் பணியில் நாம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் நோயுற்றுக் கிடக்கிறார். குருவானவரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் தள்ளிப்போடுகிறார்கள். நினைவு தப்பிய பிறகு நள்ளிரவில் அழைப்பு வருகிறது. நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கற்பித்திருக்கிறது. அந்தப் பெரியவர் வாய் திறந்து பாவசங்கீர்த்தனம் செய்யவும், நற்கருணை வாங்கவும், பிள்ளைகளை அழைத்து ஆசீர் அளிக்கவும் இயன்ற நாள்களை நாம் அவரிடமிருந்து பறித்துவிடலாமா? சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகளும் அப்படித்தான். அடுத்த கிறிஸ்மசுக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் கடைசியில் சவப்பெட்டியின் அருகில்தான் சந்திக்கிறார்கள்.

அப்படியானால் கப்பல் நேரத்தை எப்படி அறிவது? தனியே எண்ணிக்கொண்டிருந்தால் கணக்குத் தவறும். இதற்குச் சான்றாக வரலாற்றில் ஒரு நிகழ்வு உண்டு. 1519-இல் மெகல்லனின் தலைமையில் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டன. மெகல்லன் 1521-இல் பிலிப்பைன்சில் கொல்லப்பட்டார். எல்கானோவின் தலைமையில் ‘விக்டோரியா’ என்னும் ஒரே கப்பல் உலகைச் சுற்றிவந்தது. அதில் இருந்த பிகாபெட்டா நாள் தவறாமல் குறிப்பு எழுதியவர். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது கப்பலில் புதன்கிழமை. கரைக்குச் சென்றவர்கள் கேட்டபோது அங்கே வியாழக்கிழமை! மேற்கு நோக்கியே உலகைச் சுற்றியதால் ஒரு நாள் அவர்கள் அறியாமலே நழுவியிருந்தது. அவர்கள் வெள்ளிக்கிழமை என்று எண்ணிய நாள், ஊரில் இருந்த கிறிஸ்தவர்களுக்குச் சனிக்கிழமை. குறிப்பு எழுதுவதில் யாரும் அசட்டையாக இருக்கவில்லை. ஆனால் நெடுநாள் தங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கச் சக கிறிஸ்தவர்கள் அருகில் இல்லை. கரையில் கேட்ட பிறகே உண்மை தெரிந்தது.

அதனால்தான் அனுபவமுள்ள பயணிகள் கரையில் இறங்குமுன், ஏணியருகே எழுதி வைத்திருக்கும் நேரத்தோடு தங்கள் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிறு திருப்பலி நமக்கு அந்த இடம். இறைவார்த்தையைக் கேட்டு, அப்பத்தைப் பகிர்ந்து, வாரம் முழுவதும் ஊர்க் கடிகாரம் மாற்றிவிட்ட நம் நேரத்தை அங்கே மீண்டும் சரிசெய்து வெளியே போகிறோம். இரவில் படுக்குமுன் செய்யும் ஆன்ம சோதனையும் அதற்கு உதவும். இன்று எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்பட்டோம்? எதை நாளைக்கு என்று தள்ளி வைத்தோம்? இந்த இரண்டு கேள்விகளே போதும்.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் இரண்டு காரியங்கள் செய்வோம். பிறருடைய பிள்ளையின் வேலை, திருமணம், குழந்தை பற்றிய கேள்வி நாவில் வரும்போது அதை அடக்கி, அவருக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்வோம். தள்ளிப்போட்ட ஒரு சமாதானத்தை, அல்லது நோயாளியின் வீட்டிலிருந்து குருவானவருக்குச் சொல்லவேண்டிய ஓர் அழைப்பை, இன்றே செய்துவிடுவோம்.

கடலில் இருக்கும் நம் பிள்ளைகளையும் நினைப்போம். கிழக்கே செல்லும் கப்பலில் கடிகாரம் முன்னே தள்ளப்படும் இரவில், ஒரு மணி நேர உறக்கத்தை இழந்து, விடியுமுன் சமையற்கூடத்தில் நிற்பவர்கள் அவர்கள். ‘அங்கே இப்போது மணி என்ன?’ என்று கேட்டுக்கொண்டே இங்கே செபமாலை உருட்டும் தாய்மாரின் வேண்டுதலை ஆண்டவர் ஏற்றருள்வாராக. கடலின் விண்மீனாம் அன்னை மரியா அவர்களையும் நம்மையும் கரைசேர்ப்பாராக. ஆமென்.