பெயரை மாற்றினால் போதுமா?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தத்துக் கொடுத்த குடும்பங்களையும் தத்தெடுத்த குடும்பங்களையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள், அவர்களுடைய அந்தரங்கத்தை எப்படிக் காப்பது என்பதுதான் என் பேச்சு. விழா மேடைக்குக் கொஞ்சம் பாரமான விஷயம். ஆனாலும் லிந்துலையில் பேசாமல் இதை வேறெங்கே பேசுவது?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 பேர். தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களும் இவர்களுக்குள் உண்டு. போலிப் பிறப்புப் பத்திரங்கள், பெற்ற தாய் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்ற வேறு பெண்கள் என்று பலதும் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வெளிவந்தன. 2021 பெப்ரவரியில் அந்நாட்டின் யூஸ்ட்ரா குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டதும், வெளிநாட்டுத் தத்தெடுப்பையே அவர்கள் நிறுத்திவைத்தார்கள்.

அன்று கைக்குழந்தையாகப் போனவர்களுக்கு இன்று நாற்பது வயது. தாயைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பத்திரிகையாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் வருகிறார்கள். வரத்தான் வேண்டும். இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்ட ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை, பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவலைப் பேணிக் காக்கச் சொல்கிறது. அடுத்த உறுப்புரையான 31, சேகரித்த தனிப்பட்ட விபரங்களை, எந்த நோக்கத்துக்காகச் சேகரித்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தன் தாய் யாரென்று அறிய உரிமை உண்டு. ஊருக்கு அந்த உரிமை இல்லை.

இந்த வித்தியாசம் ஆராய்ச்சியில் சுலபமாகத் தவறிப்போகிறது. "பெயரை மாற்றிவிட்டோம்" என்பார்கள். ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். 'லிந்துலைக்கு அருகில் ஒரு தோட்டம், கொழுந்தெடுக்கும் பெண், 1983இல் ஓர் ஆண் குழந்தையைக் கொடுத்தவர், பிறகு மறுமணம், மகள் இப்போது ஆசிரியை.' இதில் பெயரே இல்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு அகரப்பத்தனை பஸ்ஸில் ஏறுகிற ஒருவர், இறங்குவதற்குள் அது யாரென்று சொல்லிவிடுவார்! கொழும்பில் ஒருவரை மறைக்க அவர் பெயரை மாற்றினால் ஓரளவு போதும். நம்முடைய ஊரில் வருடம், டிவிசன், பிள்ளைகளின் தொகை, மகளின் தொழில் எல்லாமே பெயர்தான். எந்த விபரம் இல்லாவிட்டாலும் ஆய்வின் முடிவு மாறாதோ, அந்த விபரத்தை எழுதக்கூடாது. எழுதுகிறவருக்கு அது கஷ்டம். அந்த விபரங்கள்தான் கதையைச் சுவையாக்குகின்றன.

பேட்டி எடுக்கும் இடமும் அப்படித்தான். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா ஒரு சுவர்தான். இங்கே இருமினால் அங்கே தண்ணீர் கொண்டுவருவார்கள். அங்கே உட்கார்ந்து, "உங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளை எங்கே?" என்று கேட்டால், அந்தக் கேள்வியே ஒரு அறிவித்தல். புருஷனுக்கும் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியாமல் முப்பது நாற்பது வருடம் ஒரு பெண் அதைச் சுமந்திருக்கலாம். வெளியாட்கள் ஜீப்பில் வந்து இறங்கினாலே போதும், மறுநாள் பெரட்டில் அதுதான் பேச்சு.

அடுத்தது சம்மதம். வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வாங்கித்தான் சில பிள்ளைகள் போயின. அதே தாயிடம் இன்னொரு தாளை நீட்டி இன்னொரு கைநாட்டு வாங்குவதை எப்படிச் சம்மதம் என்பது? தமிழில் வாய்விட்டு விளக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய், இன்னும் விருப்பமா என்று கேட்க வேண்டும். வேண்டாமென்றால் ஒலிப்பதிவை அழிக்க வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் எடுக்கிறவர்கள், அது அவரைப் பற்றி மட்டுமல்ல, அவருடைய சகோதரிகளைப் பற்றியும் சொல்லும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் சட்டம் லயத்துக் கதவருகில் வந்து நிற்காது.

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் மட்டுமல்ல. அக்காவுக்குப் பிள்ளையில்லை என்று தங்கச்சி பிள்ளையைக் கொடுப்பது நம்மிடையே பழைய வழக்கம். லயம் முழுக்கத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. வகுப்பில் பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது யாருடைய பெயர்?" என்று உரத்துக் கேட்கிற ஆசிரியைக்கும் இந்தப் பேச்சில் பங்குண்டு.

இனி நம் பழைய மாணவியர் விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் ஆசிரியைகள், தாதிமார், கிராம சேவகர்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து தேடி வருகிறவர்கள் முதலில் உங்களைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். நல்ல மனதோடு நீங்களும் போவீர்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு நீங்கள் மொழிபெயர்ப்பாளர் அல்ல. மேல் டிவிசன் கங்காணியின் மகள், தன் பேத்தியின் டீச்சர். உங்களுக்குத் தெரிந்தது அவருக்கு ஊருக்குத் தெரிந்ததுதான். ஆகவே உங்கள் தோட்டத்துக்கு நீங்கள் போகாதீர்கள். ஹட்டனிலிருந்தோ கண்டியிலிருந்தோ அறிமுகமில்லாத ஒருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். பஸ் காசை ஆராய்ச்சி செய்கிறவர்கள் கொடுக்கட்டும், அவர்களிடம் இருக்கிறது.