தன் முகத்தைத் தானே வரைதல்



ஓவியன் ஒருவன் கண்ணாடி முன் அமர்ந்து தன் முகத்தைத் தானே தீட்டுவதைத் தன்னுருவ ஓவியம் என்கிறோம். இது தற்பெருமையின் வேலை என்று எண்ணுவோர் உண்டு. அப்படியல்ல என்பதற்கு ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் சாட்சி. 1656இல் கடனில் மூழ்கி உடைமைகளை இழந்த அவர், தாம் மறைந்த 1669ஆம் ஆண்டிலும் தம்மை வரைந்தார். தளர்ந்த கன்னத்தையும் களைத்த கண்களையும் அவர் மறைக்கவில்லை. வான் கோவோ, மாதிரிக்கு ஆள் அமர்த்தக் காசில்லாமல் தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். ‘நான் இப்படித்தான் இருக்கிறேன், அதை நானே சொல்கிறேன்’ என்பதே இந்த ஓவியங்களின் பொருள். அந்த ‘நானே’ என்ற சொல்தான் முக்கியம்.

இந்த அளவுகோலோடு நமது ஊவாத் தோட்டங்களைப் பார்ப்போம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் உலகறிந்த முகம். தபாலட்டைகளிலும் தேயிலை விளம்பரங்களிலும் அவள் கூடையோடு சிரிக்கிறாள். அட்டைக்கடியும் அரைப்பேரும் அந்தப் படத்தில் இல்லை. அவள் பெயரும் இல்லை. வரைந்தவர் வேறு யாரோ.

அடுத்து வந்தது கடவுச்சீட்டுப் படம். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டுக்காகவும் முகங்கள் படமாயின. அங்கே முகம் என்பது எண்ணுக்கு மேல் ஒட்டிய ஒரு துண்டு.

ஆனால் லயக் காம்பராச் சுவர்களில் வேறொரு படத்தை நான் கண்டிருக்கிறேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில், பதுளை நகரத்து ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம். மாப்பிள்ளையின் கோட் இரவல். பின்னால் தெரியும் மாளிகை திரைச்சீலை. இது பொய்யல்லவா என்று கேட்கலாம். எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்த படம் அது. தன்னுருவத்தின் முதற்படி என்றே நான் அதைக் கொள்கிறேன்.

அடுத்த படி எழுத்தில் நிகழ்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திறந்த வழியில் வந்தவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக் கொண்டார். ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியையும் தந்தார். ‘மீன்கள்’ என்ற கதையில், ஒற்றைக் காம்பராவுக்குள் நெருக்குண்ட குடும்பத்தின் கூச்சத்தை ஒளிக்காமல் எழுதினார். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் மறைந்தார்.

அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் ஒன்றுண்டு. பிறர் வரைந்த பொய்ச் சிரிப்புக்கு மாற்று, நாமே வரையும் பொய்ச் சிரிப்பு அல்ல. துரைமாரின் கொடுமையை எழுதும் பேனா, நம்மிடையே உள்ள குடியையும் சாதியையும் பெண்ணின் இரட்டைச் சுமையையும் எழுத வேண்டும். றெம்பிராண்டின் கண்ணாடி அவருக்கு இரக்கம் காட்டவில்லை. அதனாலேயே அந்த முகத்தை இன்றும் நம்புகிறோம். மலையகத்தின் இளைய கைகள் தூரிகை எடுத்தாலும் பேனா எடுத்தாலும், அப்படியொரு கண்ணாடியின் முன் அமரட்டும்.