வலியும் இரத்த அழுத்தமும்

(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

நான் மருத்துவன் அல்லன்; ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். எனினும், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கிள்ளானில் வாழ்ந்த என் தமக்கையாருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. மருத்துவர் மார்ஃபின் திரவம் கொடுத்தனுப்பினார். "இது அபின் சரக்கல்லவா? பழக்கமாகிவிடுமே! இரத்த அழுத்தம் இறங்கி உயிர் போய்விடுமே!" என்று அஞ்சி, புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். படுக்கையில் புரட்டும்போதெல்லாம் அக்காள் பல்லைக் கடித்துக்கொள்வார். அந்நேரம் அளந்தால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அதற்கு வேறு மாத்திரை கேட்டு அலைந்தேன்.

வீட்டுக்கு வந்த தாதிதான் விளக்கினார். வலி நரம்பு தூண்டப்பட்டால், செய்தி முதுகுத் தண்டுவடம் வழியே மூளைக்குச் செல்கிறது. உடனே இதயத் துடிப்பு விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. மார்ஃபின் தண்டுவடத்திலும் மூளையிலும் அந்த வலிச் செய்தியைத் தணிக்கிறது. ஆகவே அழுத்தத்தின் ஏற்றமும் தணிகிறது. அறுவைச் சிகிச்சைக்குமுன் தொண்டையில் குழாய் செலுத்தும்போது எழும் அழுத்தத்தை அடக்க, ஃபெண்டானில் என்னும் இவ்வின மருந்தைக் கொடுப்பதும் இதனால்தான். நம் உடலே இத்தகைய பொருளைச் சுரக்கிறது என்பதை 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகிய அறிஞர்கள் கண்டறிந்தனர்.

இம்மருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. இது இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால், எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம். மலச்சிக்கல் வரும். அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். அடிமையாக்கும் இயல்பும் உண்டு. ஆகவே மருத்துவர் சொன்ன அளவே கொடுக்க வேண்டும். பிறர் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைக்கு இது மாற்றும் அன்று.

1991-இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லம் தேடி வந்து இலவசமாகத் துணை புரிகிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

அன்றிரவு அலமாரியைத் திறந்தேன். மருந்து உள்ளே போன பிறகு அக்காள் அயர்ந்து உறங்கினார். காலையில் என் கையைப் பிடித்து, "தம்பி, இதை முன்னமே கொடுத்திருக்கலாமே" என்றார். அந்தச் சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. உங்களுக்கு அந்நிலை வர வேண்டாம்.