வரப்பைத் தாண்டும் மட்டை

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. டெல்டாவில் நாற்றங்கால் வேலைக்கு மட்டுமா அந்தத் தேதி கணக்கு? கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்துகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். நீடாமங்கலத்தைச் சுற்றிய ஊர்களில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தாலும் வயல் உடனே காலியாகிவிடாது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அது காய்த்து, பறித்து முடியப் பங்குனி, சித்திரை ஆகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் வரும்வரை வயல் பையன்கள் கையில். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அப்பாவுக்கு வயிற்றெரிச்சல், பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்றரை மாதம் ஆட்டம்.

இந்த வயல் ஆட்டத்தில் மட்டை பிடிக்கிற முறையைத் தனிக் கலை என்றே சொல்லலாம். பெருநகரத்துப் பயிற்சியாளர்கள் சிலர் அதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. கால் நகரவில்லை, இடது முழங்கை உயரவில்லை, எல்லாம் லெக் சைடு சுற்றல்தான் என்பார்கள். குற்றச்சாட்டு உண்மை; ஆனால் காரணம் தெரியாமல் சொல்வது.

ஆடுகளம் என்று பெயர்தானே தவிர, அது கோடை வெயிலில் வெடித்துப்போன களிமண். நெல் தாளின் அடிக்கட்டையை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டித்து 22 கஜத்துக்கு ஒரு பாதை உண்டாக்குவார்கள். வரப்புதான் பவுண்டரி. பந்து டென்னிஸ் பந்து. முறைப்படியான டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், தோல் பந்துக்கோ 155.9 முதல் 163 கிராம். கனமில்லாத பந்து காற்றிலேயே வேகம் இழக்கும், தரையில் குத்தியதும் இடுப்புக்கு மேலே எழும்பும். வேகமாக வரும் தோல் பந்தை மட்டையில் வாங்கித் திசை காட்டினாலே போதும், அது ஓடிவிடும். டென்னிஸ் பந்து அப்படி ஓடாது. வேகம் முழுவதையும் அடிக்கிறவர்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் முன்காலை ஒதுக்கி, இடுப்பைத் திருப்பி, கீழ்க்கையின் பலத்தில் ஓங்கிச் சுற்றுகிறார்கள். அந்தப் பந்துக்கு அதுதான் சரியான ஆட்டம்.

எழும்புகிற பந்தெல்லாம் வரப்பைத் தாண்டிவிடுகிறது என்று கண்ட பந்துவீச்சாளர் என்ன செய்வார்? எழும்பவே விடாமல் காலடியில் குத்துவார். டென்னிஸ் பந்து உலகத்தில் யார்க்கர் செழித்தது இப்படித்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த தங்கராசு நடராஜன், 2020 ஐபிஎல் எலிமினேட்டர் ஆட்டத்தில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தது அந்த யார்க்கரால்தான். மறு மாதமே ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடினார். அந்த யார்க்கருக்கு மட்டையாளர் கண்ட மாற்று, கிரீஸுக்குள் ஆழமாகப் பின்வாங்கி நிற்பது. அப்படி நின்றால் காலடியில் குத்த வேண்டிய பந்து ஓர் அடி முன்னாலேயே குத்தி, அடிக்கத் தோதாக வந்துசேரும். யாரும் பாடம் எடுக்காமல் வயலிலேயே கண்டுபிடித்த நுணுக்கம் இது.

சிக்கல் தொடங்குவது இதே பையன் கிளப் அணியில் சேர்ந்து, மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ தோல் பந்து ஆடப் போகும்போது. வயலில் ஆறு சிக்ஸர் அடித்தவர் இங்கே ஆறாவது பந்தில் பாயின்டில் கேட்ச் கொடுத்துவிட்டு, மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருவார். தப்பு மட்டையில் இல்லை. முன்கால் லெக் பக்கம் ஒதுங்கியதால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்துக்கும் உடம்புக்கும் ஒரு முழ இடைவெளி விழுந்துவிட்டது. கை மட்டும் எட்டிப் போனது. கீழ்க்கை இறுக்கிப் பிடித்ததால் மட்டையின் முகம் மேல்நோக்கித் திறந்து, தரையோடு போக வேண்டிய பந்து அந்தரத்தில் போனது.

இதற்கு ஆட்டத்தையே தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. பிடியிலிருந்து தொடங்கினால் போதும். மட்டையைத் தரையில் குப்புறப் போட்டுவிட்டு, கோடரியை எடுப்பதுபோல எடுத்தால், இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளங்கள் ஒரே கோட்டில் வந்து நிற்கும். கீழ்க்கையில் இரண்டு விரல்களும் கட்டைவிரலும் மட்டும் அழுந்தட்டும். மற்ற விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கலாம். டிரைவ் ஆடும்போது வழி நடத்துவது மேல்கை. முன்காலை எங்கே வைப்பது என்று தனியாக யோசிக்கிறவர்கள் தடுமாறுவார்கள். தலையும் முன்தோளும் பந்தை நோக்கிச் சாய்ந்தால் கால் தானாகவே அங்கே போகும்.

வயலில் கற்றதில் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. டெல்டா கிளப் ஆட்டங்கள் பலவும் கயிற்றுப் பாய் விரித்த பிட்ச்சில் நடப்பவை. டெஸ்ட் ஆட்டமே 1959 டிசம்பரில் கராச்சியில் பாயின்மேல் நடந்திருக்கிறது, அதுதான் கடைசி. பாயில் பந்து நன்றாக எழும்பும். இடுப்புயரப் பந்தைச் சந்தித்தே பழகிய வயல்காரருக்குக் கட், புல் இரண்டும் கைவந்த ஷாட்டுகள். உயரம் குறைந்த ஜி.ஆர். விஸ்வநாத் 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில், வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் சாய்த்த இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார். இந்தியா சேர்த்ததே மொத்தம் 190 ரன். பந்து எழும்பிய பிறகும் காத்திருந்து, கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்கி வெட்டிய ஸ்கொயர் கட்டுகளை நேரில் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்தக் காத்திருப்புதான் வயல்காரரிடம் குறை. அவர் பந்து வருவதற்கு முன்பே கட் அடித்து முடித்துவிடுகிறார்.

ஒரு சின்ன விஷயம்: இறங்குவதற்கு முன் பாயைக் கையால் இழுத்துப் பாருங்கள். விறைப்பாக ஆணி அடித்த பாயில் பந்து விரைந்து எழும். தளர்ந்து கிடந்தால் நின்று வரும், சுழற்பந்து கூடுதலாகத் திரும்பும். பாய்க்கு ஆணி வைத்த ஷூ ஆகாது, ரப்பர் குமிழ் ஷூதான்.

பயிற்சிக்கு டர்ஃப் தேடி அலைய வேண்டாம், ஊர் நெற்களம் இருக்கிறது. அறுவடைக் காலம் போனால் அந்தச் சிமென்ட் தளம் சும்மாதான் கிடக்கும். டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் முக்கி, பதினைந்து தப்படி தூரத்திலிருந்து எறியச் சொல்லுங்கள். நனைந்த பந்து சிமென்ட்டில் குத்தியதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். சுற்றினால் ஸ்டம்ப் போகும். நேர் மட்டையால் தலைக்குக் கீழே சந்தித்தால் மட்டும் பிழைக்கலாம். செலவு ஒரு வாளித் தண்ணீர்.

இனி மட்டை. எந்தப் பந்துக்கு எந்த மட்டை என்பதில்தான் காசு வீணாகிறது. டென்னிஸ் பந்துக்கு முதுகைக் குடைந்த இலேசான மட்டைகள் கிடைக்கின்றன; அவற்றால் தோல் பந்தை அடித்தால் பிளந்துவிடும். கடைகளில் ‘பாப்புலர் வில்லோ’ என்று மலிவாகக் கொடுப்பது பாப்லர் மரம், தோல் பந்துக்கு உதவாது. இருபது ஓவர் கிளப் ஆட்டத்துக்கு, அனந்தநாக், சங்கம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வரும் காஷ்மீர் வில்லோ தாராளமாகப் போதும். இங்கிலிஷ் வில்லோ இலேசானது, பந்து நன்றாகப் பறக்கும், விலையும் பறக்கும். ஆனால் சீக்கிரம் அடிபடும். விளிம்பு பருத்திருக்கிறதா என்று விரல் வைத்து அளந்து வாங்குவது இப்போதைய மோகம். 2017-இலிருந்து விதிப்படி விளிம்பு 4 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதைவிட முக்கியம் எடை. மேல்கையால் மட்டும் பிடித்துத் தோளுக்கு நேரே நீட்டுங்கள். சில நொடிகளில் கை நடுங்கினால் அந்த மட்டை வேண்டாம்.

புது வில்லோவுக்குக் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, படுக்கை வசமாக வைத்து ஊறவிட வேண்டும். தேங்காயெண்ணெய் உலராது, ஆகவே ஆகாது. பிறகு மரச் சுத்தியலால் பல மணி நேரம் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தித் தட்ட வேண்டும். விளிம்பையும் அடிமுனையையும் விட்டுவிடக் கூடாது. டெல்டாவில் மட்டை சாவது பெரும்பாலும் அடிமுனையில்தான். ஈரத் தரையில் தட்டிக்கொண்டு நின்றால் முனை நீர் குடித்து உப்பும். ரப்பர் முனைக்காப்பு ஒட்டினால் தடுக்கலாம். தகரக் கூரையடியில் போட்டு வைத்தாலோ எதிர்க்கேடு, காய்ந்து வெடிக்கும்.

மட்டைக்குச் செலவழிப்பதில் பாதியைக்கூடக் காப்புக் கவசத்துக்குச் செலவழிப்பதில்லை என்பதுதான் கிளப்புகளின் பெரிய குறை. டென்னிஸ் பந்து பட்டால் சிவக்கும். தோல் பந்து எலும்பை உடைக்கும். 1962-இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து தலையில் பட்டு, இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டருக்கு மண்டையோடு உடைந்தது. அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவில்லை. அப்போது ஹெல்மெட் கிடையாது. இப்போது இருந்தும் போடாமல் இறங்குகிறார்கள். கால் பேடும் கையுறையும் அணிக்குப் பொதுவாக இருக்கலாம். அப்டமன் கார்டு ஆளுக்கொன்று சொந்தமாக வேண்டும். ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது கம்பிக்கும் முன்விளிம்புக்கும் உள்ள இடைவெளி: பந்தின் குறுக்களவு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், இடைவெளி அதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். 2014-இல் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்த பிறகு, பின்கழுத்தை மறைக்கும் காப்பு வந்தது. அது தனியாகவும் கிடைக்கிறது. கையிலிருக்கும் ஹெல்மெட்டுக்குப் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கலாம்.